தொடை எலும்புக்காக ஒரு ஜெபம்

நான் குள்ளம். இதை மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது வழக்கம். பள்ளிக்கூடத்தில் காலை வணக்கத்துக்கு உயர வரிசையில் நிற்க வைக்கும்போது எனக்கு முன்னால் ஒருத்தியும் நின்றதில்லை. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையும் ஏறக்குறைய என் உயரம்தான் என்று கண்டதும் எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு நிம்மதி. கழுத்து வலிக்காமல் சண்டை போடலாம் அல்லவா? அன்றிலிருந்து இன்றுவரை போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

எனக்கு ஊர் அஞ்சுகிராமம் பக்கம். கட்டிக்கொடுத்தது மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில். ஒரே மாவட்டம் என்றுதான் பெயர். எங்கள் பக்கம் காற்றும் வெயிலும் பனையும். இங்கே எந்நேரமும் மழை, ரப்பர் மரம், பழுத்து விழுந்த பலாச்சக்கையின் வாசம். பேச்சும் வேறு. கல்யாணமான புதிதில் மாமியார் பேசுவது எனக்குப் பாட்டுப் படிப்பது போலவே கேட்கும். "ஏன் மாமி, ராகம் போட்டுப் பேசுதிய?" என்று கேட்டுவிட்டேன். மாமி விடுவாரா? "உனக்க பேச்சு மட்டும் என்னவாக்கும்? சண்டைக்கு நிக்கிய கோழி மாதிரி" என்றார். அப்படித்தான் எங்களுக்குள் ஒட்டிக்கொண்டது. மாமி போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. அந்த ராகத்தை இப்போது யாராவது பேருந்தில் பேசினால்கூட நான் திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.

நான் சொல்வது 2010 வாக்கில் நடந்தது. எனக்கு அது முதல் பிள்ளை. அம்மா நான் கல்லூரியில் படிக்கும்போதே போய்விட்டதால் பிரசவத்துக்குத் தாய் வீடு என்று ஒன்று எனக்கு இல்லை. ஆனாலும் அப்பா முறை தவறக்கூடாது என்று ஏழாம் மாதத்தில் வாடகைக் கார் பிடித்து, பழத்தட்டு, முறுக்குப் பானை எல்லாம் வைத்துக்கொண்டு கூட்டிப்போக வந்தார். மாமி காப்பி கொடுத்தார், சோறு போட்டார், முறுக்கை வாங்கி வைத்துக்கொண்டார். என்னை மட்டும் அனுப்பவில்லை. "அங்க ஆரு இருக்கா பாக்கியதுக்கு? இவ இங்கின கெடக்கட்டு" என்று ஒரே வார்த்தை. அப்பா வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. பாரம் இறங்கிய அழுகை அது.

மாமி பார்த்துக்கொண்டார் என்றால் அப்படி ஒரு பார்ப்பு. காலையில் கஞ்சியும் சிறுபயறும். பதினோரு மணிக்கு அவித்த ஏத்தன் வாழைப்பழம். மத்தியானம் சாளை மீன் கிடைத்தால் சாளை, இல்லையென்றால் அயிலை. சாயங்காலம் மரச்சீனிக் கிழங்கு. "மாமி, வயித்துல இருக்கது ஒரு பிள்ளதான், ஒரு கல்யாண வீடு இல்ல" என்பேன். "மிண்டாம தின்னுட்டி" என்று என் வாயை அடைத்துவிடுவார்.

இன்னொரு பழக்கமும் அவரிடம் உண்டு. எங்கள் வீட்டில் விளக்கு வைத்ததும் குடும்ப ஜெபம். மற்ற வீடுகளில் "ஆண்டவரே, எங்களை ஆசீர்வதியும்" என்று பொதுவாகச் சொல்லி முடிப்பார்கள். மாமி ஆண்டவரிடம் எதையும் பொதுவாகச் சொல்லமாட்டார். ரப்பர் ஷீட் விலை எவ்வளவு இறங்கியிருக்கிறது, மேற்குப் பக்கத்து வேலியைப் பக்கத்து வீட்டுக்காரன் எந்த இடத்தில் தள்ளி வைத்திருக்கிறான், எந்த மாட்டுக்கு எந்தக் காலில் புண் என்று விவரமாகச் சொல்வார். ஆண்டவர் தவறான காலைக் குணமாக்கிவிடக் கூடாது பாருங்கள். நான் முழங்காலில் நின்றபடியே சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பேன். என் வீட்டுக்காரர் என் இடுப்பில் கிள்ளுவார்.

எட்டாவது மாதம் தொடங்கியதும் டாக்டரம்மா ஒரு ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார். மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த ஸ்கேன் சென்டர். கீழே பஸ்கள் ஒன்றையொன்று பார்த்து ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, மேலே நாங்கள் பத்துப் பன்னிரண்டு வயிறுகள் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். பிள்ளை ஆணா பெண்ணா என்று சொல்லமாட்டோம், கேட்பது குற்றம் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. ஸ்கேன் பார்க்கும் டாக்டர் சின்ன வயதுக்காரர். ஆணா பெண்ணா என்றில்லை, எதையுமே சொல்லாத ஆள். வயிற்றில் சில்லென்று ஜெல்லைத் தடவினார், திரையைப் பார்த்தார், டிக் டிக்கென்று எதையோ அழுத்தினார். ஓர் இடத்தில் மட்டும் திரும்பத் திரும்ப அளந்தார். முதலில் அளந்தது அவருக்கே நம்பிக்கையில்லாதது போல மறுபடியும் அளந்தார்.

ரிப்போர்ட்டை வாங்கிப் படித்தால் ஒன்றும் விளங்கவில்லை. தலையின் அளவை வைத்துப் பார்த்தால் பிள்ளைக்கு முப்பத்திரண்டு வாரம். வயிற்றை வைத்துப் பார்த்தால் முப்பது. தொடை எலும்பை வைத்துப் பார்த்தால் இருபத்தொன்பது. என் வீட்டுக்காரர் மாடிப்படியில் நின்று அதை மூன்று தரம் வாசித்தார். "ஒரே பிள்ளைக்கு தலைக்கு ஒரு வயசு, காலுக்கு ஒரு வயசா? மிஷின் கேடாயிருக்கும்" என்றார்.

மிஷின் கேடாகவில்லை. ரிப்போர்ட்டைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது. ஒரு வரைபடத்தை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். வளைந்து மேலே போகிற மூன்று கோடுகள். நடுவில் இருப்பது சராசரிப் பிள்ளை, மேலே பெரிய பிள்ளை, கீழே சின்னப் பிள்ளை. அந்தக் கீழ்க்கோட்டுக்கும் கீழே தனியாக ஒரு பெருக்கல் குறி. அதுதான் எங்கள் பிள்ளை.

"தொடை எலும்பு நீளம் குறைவா இருக்கு. எடையும் குறைவு. தொப்புள்கொடியில ரத்த ஓட்டம் இப்போதைக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார் டாக்டரம்மா. "ரெண்டு வாரம் கழிச்சு மறுபடியும் அளந்து பார்ப்போம். வளர்ந்திருந்தா பிரச்சினை இல்லை. வளராம நின்னிருந்தா அதுக்கு மேல உள்ளே விட்டு வைக்கக்கூடாது. ஆபரேஷன் பண்ணி எடுத்துடணும்."

"இப்பமே எடுத்தா... பிழைக்குமா டாக்டர்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவருடைய குரல் அவருடையது போலவே இல்லை.

"பிழைக்க வைக்கத்தான் பார்ப்போம். திருவனந்தபுரத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும். மாசம் நிறையாத பிள்ளை, உறுதி சொல்ல முடியாது."

எனக்குக் கோபம் வந்தால் இடம் பொருள் தெரியாது. பயம் வந்தாலும் கோபமாகத்தான் வெளியே வரும். "இந்தக் கோட்ட யாரு பிள்ளைய வச்சுப் போட்டாவ டாக்டர்?" என்று கேட்டேன். வீட்டுக்காரர் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். நான் நிறுத்தவில்லை. "என்னையும் இவங்களையும் பாருங்க. எங்களுக்குப் பனை உயரத்துலயா பிள்ள பொறக்கும்?"

டாக்டரம்மா கோபிக்கவில்லை. லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார். "நல்ல கேள்விதான். மெஷின்ல உள்ள கணக்கு இது. வெளிநாட்டுல, அங்குள்ள தாய்மாரையும் பிள்ளைகளையும் அளந்து போட்டது. நம்ம ஊர்ப் பிள்ளைங்க அதைவிடக் கொஞ்சம் சின்னதா இருக்கிறதை நானும் தினம் பார்க்கிறேன். ஆனா ஒண்ணு. சின்னதா இருக்கிறது வேற, வளராம நிக்கிறது வேற. இந்த ஒரு தடவை அளந்ததை வச்சு ரெண்டுல எதுன்னு என்னால சொல்ல முடியாது. அதனாலதான் திரும்ப வரச் சொல்றேன்."

நாங்கள் பஸ் ஏறி வீட்டுக்குத் திரும்பினோம். பாதி வழியில் பார்த்தால் இவர் என் காலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முழங்கால் எங்கே, பாதம் எங்கே என்று கண்ணால் அளக்கிற பார்வை. "உங்க கால மொதல்ல பாருங்க" என்றேன். உண்மையாகவே குனிந்து பார்த்தார். சிரிக்க வேண்டிய இடம் அது. இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

அன்று குடும்ப ஜெபத்தில் மாமி ரிப்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டார். "ஆண்டவரே, தலை செரியா இருக்கு, அதுக்கு ஸ்தோத்திரம். வயிறு ரெண்டு வாரம் கொறவு. தொடை எலும்பு மூணு வாரம் கொறவு..." என்று ஆரம்பித்தவர் எண் எண்ணாகச் சொல்லிக்கொண்டே போனார். எப்போதும் எனக்குச் சிரிப்பு வரும் இடத்தில் அன்று எழுந்து அறைக்குள் போய்விட்டேன். தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அம்மா அம்மா என்று அழுதேன். இல்லாத அம்மாவைக் கூப்பிட்டு என்ன பிரயோஜனம்? ஆனாலும் கூப்பிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததுதான் கூத்து. எங்கள் சபையில் ஜெபம் வேண்டுகிறவர்கள் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தால் பிரசங்கம் முடிந்ததும் போதகர் வாசிப்பார். "ஒரு சகோதரிக்குச் சுகம் வேண்டி", "ஒரு சகோதரனின் வேலைக்காக" என்று நாசூக்காகத்தான் எல்லோரும் எழுதுவார்கள். என் மாமி எழுதுவாரா அப்படி? மகனை உட்கார வைத்து ரிப்போர்ட்டில் உள்ளதை அப்படியே எழுத வைத்திருக்கிறார். போதகரும் பாவம், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒலிபெருக்கியில் கணீரென்று வாசித்துவிட்டார்: "நம் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரியின் கர்ப்பத்தில் இருக்கும் குழந்தைக்குத் தொடை எலும்பின் நீளம் ஐம்பத்தைந்து மில்லிமீட்டர் மாத்திரமே இருப்பதால், அது வளரும்படியாக..."

பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அந்தச் சபையில் அப்போது வயிறு தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான் ஒருத்திதான். ஆலயம் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. பிறகு எல்லோரும் கண்ணை மூடி, "அந்த எலும்பை நீட்டும் கர்த்தாவே" என்று சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்தார்கள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. பக்கத்தில் மாமி மட்டும் கண்ணை இறுக்க மூடி முழங்காலில் நின்றார்.

ஆராதனை முடிந்து முற்றத்து மாமரத்தடிக்கு வந்தால் பெண்கள் கூட்டம் என்னை வளைத்துக்கொண்டது. ஒருத்தி சேலையைக் கொஞ்சம் தூக்கித் தன் காலைக் காட்டினாள். "எனக்க காலு பாத்தியா? இத வச்சுக்கிட்டுதான் கீரிப்பாறை எஸ்டேட்டுல மலையேறி ரப்பர் பால் வெட்டினேன். எலும்பு நீளமா இருந்து என்னத்துக்கு?" இன்னொருத்தி, "எனக்க ரெண்டாமத்தவன் பொறந்தப்போ ஒரு கோழி அளவுதான் இருந்தான். இப்போ மஸ்கட்டுல கிரேன் ஓட்டுகான்" என்றாள். உடனே எல்லோருக்கும் தங்கள் பிள்ளைகளின் எடை நினைவுக்கு வந்துவிட்டது. ஒருத்தி இரண்டேகால் கிலோ என்றால் இன்னொருத்தி இரண்டு என்று குறைத்தாள். ஏலம் கீழ்நோக்கிப் போனது. எடை குறையக் குறைய அந்தப் பிள்ளையின் இன்றைய சம்பளம் கூடியது. "நம்ம ஆளுவளுக்கு பிள்ளைய செறுசுதான் மக்கா. பேடிக்காத" என்று ஆளாளுக்குத் தைரியம் சொல்லி என் கன்னத்தைத் தொட்டார்கள்.

வெட்கமெல்லாம் போய் நான் அன்று வாய்விட்டுச் சிரித்தேன். எத்தனை அக்காமார், எத்தனை கைகள்! தாய் வீடு இல்லையென்று அழுதவளுக்கு அந்த மாமரத்தடி முழுவதும் தாய் வீடாக இருந்தது. இப்போது அந்தச் சபையில் பாதிப் பேர் பிள்ளைகளோடு வெளிநாடு போய்விட்டார்கள். மாமரத்தடியில் கார்கள் நிற்கின்றன. அந்தச் சிரிப்புச் சத்தத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

அந்த வாரமே இங்கிலாந்திலிருந்து போன் வந்தது. வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி அங்கே நர்ஸ். நான் அக்கா என்று கூப்பிடுவேன். முந்தின வருடம்தான் அவருக்கு அங்கே பிள்ளை பிறந்திருந்தது. விஷயம் எப்படியோ கடல் தாண்டிப் போயிருக்கிறது. இவர் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தார். நாங்கள் மூன்று பேரும் சுற்றி நின்றோம்.

"ஏ பிள்ளே, அங்க உனக்குத் தனியா கோடு போட்டுத் தரலியா?" என்று கேட்டார் அக்கா.

"தனிக் கோடா? அப்படின்னா?"

"இங்க மொதல் தடவ போனப்பவே என் உயரம் கேட்டாங்க, எடை கேட்டாங்க. நீ எந்த நாட்டு ஆளு, எந்த வம்சம்னு கேட்டாங்க. நான் முதல்ல எதுக்குடா இதெல்லாம் கேக்குறாங்கன்னு பயந்தேன். பிறகு பாத்தா, எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல போட்டு, இந்தியாக்காரி, இவ்வளவு உயரம், இவளுக்குப் பிள்ளை இவ்வளவு இருந்தா போதும்னு எனக்குன்னு ஒரு கோடு போட்டுத் தந்துட்டாங்க. என் பிள்ளையும் உன் பிள்ளை அளவுதான் இருந்துது. வெள்ளக்காரிக்கு அது குறைவு. எனக்கு அது செரி."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். என்ன அநியாயம் பாருங்கள். இங்கிலாந்தில் இருக்கிறவளுக்கு இந்தியக் கோடு. மார்த்தாண்டத்தில் சாளைக் கறி தின்றுகொண்டிருக்கிற எனக்கு வெள்ளைக்காரக் கோடு. "நான் அண்ணைக்கே அந்த டாக்டரம்மாகிட்ட கேட்டேன்லா?" என்று கத்தினேன். இவர் என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். அக்கா போனில் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் போட்ட சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. அக்காவின் காலிங் கார்டில் காசு தீர்ந்து போன் தானாக நின்றது.

மாமி மட்டும் சிரிக்கவில்லை. அடுப்பில் மரச்சீனி வேகிறது என்று எழுந்து போனார்.

இரண்டாவது ஸ்கேனுக்குப் போக வேண்டாம் என்று முடிவு செய்தவள் நான்தான். எதற்குப் போக வேண்டும்? மறுபடியும் அதே கோட்டில் வைத்து அளப்பார்கள். மறுபடியும் குறை என்பார்கள். மறுபடியும் நான் அழ வேண்டும். பெண்களெல்லாம் சொல்லியாயிற்று, லண்டனிலிருந்தும் சொல்லியாயிற்று. "எதுக்கு வீணா பேடிக்கணும்? பிள்ள சுகமாத்தான் இருக்கு" என்று இவரும் சேர்ந்துகொண்டார். உள்ளே பிள்ளை உதைத்துக்கொண்டிருந்தது. அதற்கும் இதே எண்ணம்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஸ்கேனுக்குக் குறித்திருந்த நாள் காலையில் நல்ல மழை. நான் கஞ்சி குடித்துவிட்டுப் படுக்கலாம் என்று வந்தால், வாசல் பக்கத்து நாற்காலியில் மாமி கோயிலுக்குப் போகும் வெள்ளைச் சேலை கட்டி, மடியில் குடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"எங்க மாமி, இந்த மழையில?"

"ஸ்கேனுக்கு. நீ துணி மாத்து."

"நான்தான் வரலன்னு சொன்னேன்லா? வெள்ளக்காரி பிள்ளையோட எம்பிள்ளய வச்சு அளக்காவ. அதப் பாக்க நான் எதுக்கு வரணும்? அக்கா சொன்னது கேட்டிய, சபையில அத்தன பேரு சொன்னது கேட்டிய..."

"கேட்டேன். நம்ம ஆளுவளுக்கு பிள்ளைய செறுசுதான். அதத்தானே பறஞ்சாளுவ?"

"ஆமா."

"எனக்கும் அதத்தான் பறஞ்சாவ" என்றார் மாமி.

எனக்குப் புரியவில்லை. இவரும் உள்ளேயிருந்து வந்து நின்றார். மாமி எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் மழையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"மூத்தவனுக்கும் இவனுக்கும் நடுவுல எனக்கு ஒரு பிள்ள இருந்து. ஏழு மாசத்துல இருந்த வயிறுதான் ஒம்பதுலயும் இருந்து. எனக்கு அது தெரிஞ்சுபோச்சு. பாவாடை நாடா நான் கெட்டிய எடத்துலயேதான் நிண்ணு. நான் எனக்க மாமியாருகிட்ட பறஞ்சேன், வயிறு பெருக்கல்லன்னு. நம்ம குடும்பத்துல பிள்ளைய எல்லாம் செறுசுதான், பேடிக்காதன்னாவ. ஆஸ்பத்திரியில நர்சும் அதத்தான் பறஞ்சா. குள்ளமான தள்ளைக்கு குள்ளமான பிள்ளதானேன்னா. எல்லாரும் சிரிச்சாவ. நானும் கூட சிரிச்சேன்."

மாமி மடியில் இருந்த குடையை எடுத்துத் தரையில் ஊன்றிக்கொண்டார்.

"பொறந்து அது நல்லா ஒருக்கா வாய்தொறந்து கரையக்கூட இல்ல. ஞானஸ்நானம் குடுக்க சபை ஐயர விளிச்சுட்டு வாறதுக்குள்ள போச்சு. பேரும் வைக்கல்ல. அண்ணைக்கு மாமரத்தடியில அவளுவ சிரிக்கும்போ எனக்கு நெஞ்சு அடச்சுப் போச்சு ஏட்டி. அவளுவ பறஞ்சது உள்ளதுதான். நம்ம பிள்ளைய செறுசுதான். ஆனா எனக்கது செறுசா இருந்து போவல்ல. வளராம போச்சு. ஆரும் பாக்கல்ல."

"எனக்கு இது தெரியாதே அம்மா" என்றார் இவர்.

"உனக்கு என்னத்துக்குத் தெரியணும்? போய் ஆட்டோ விளிச்சுட்டு வா" என்று அவர்மேல் பாய்ந்தார் மாமி. இவர் செருப்புக்கூடப் போடாமல் மழைக்குள் ஓடினார். நான் போய்த் துணி மாற்றினேன். சேலைக் கொசுவத்தைச் செருகக் கை வரவில்லை. மாமி வந்து குனிந்து செருகிவிட்டார்.

ஆட்டோவில் மாமி என் வயிற்றின் மேலேயே கையை வைத்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் பள்ளம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் டிரைவரைத் திட்டினார். எனக்கோ பிள்ளை வளராமல் நின்றிருந்தால் என்ன செய்வேன் என்ற ஒரே எண்ணம். எலும்பு எவ்வளவு குட்டையாக வேண்டுமானாலும் இருக்கட்டும், யாருடைய கோட்டுக்கும் கீழே இருக்கட்டும், வளர்ந்திருந்தால் போதும் என்று அந்த வழி முழுவதும் கெஞ்சினேன். மாமியைப் போலவே நானும் விவரமாகத்தான் ஆண்டவரிடம் கேட்டேன்.

ஸ்கேன் அறைக்குள் வேறு ஆளை விடமாட்டோம் என்று வாசலில் நின்ற பெண் சொன்னாள். மாமி அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் கதவைத் திறந்துவிட்டாள். இவர் வெளியே நின்றார். அதே பேசாத டாக்டர். ஜெல், சில்லிப்பு, டிக் டிக். தலையை அளந்தார், வயிற்றை அளந்தார், தொடை எலும்பை அளந்தார். மறுபடியும் தொடை எலும்பு. நான் திரையைப் பார்க்கவில்லை, மாமியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமி திரையையே பார்த்தார்.

டாக்டர் பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏதோ கணக்குப் பார்த்தார். பிறகு முதல் முறையாக எங்களிடம் பேசினார்.

"வளர்ந்திருக்கு."

"என்னது?" என்றேன்.

"நல்லா வளர்ந்திருக்கு. இப்பவும் கோட்டுக்குக் கீழதான் இருக்கு. ஆனா கோடு எப்படி ஏறுதோ அப்படியே கூட ஏறுது. போன தடவைக்கும் இப்போதைக்கும் எவ்வளவு கூடணுமோ அவ்வளவு கூடியிருக்கு. ரத்த ஓட்டமும் நல்லா இருக்கு. சின்னப் பிள்ளை, அவ்வளவுதான். டாக்டரம்மா காத்திருக்கலாம்னுதான் சொல்வாங்க."

நான் படுத்தவாக்கிலேயே ஓவென்று அழுதுவிட்டேன். வயிறு குலுங்கியதில் திரையில் பிள்ளையும் குலுங்கியது. டாக்டரம்மா அப்படியேதான் சொன்னார். பிள்ளை மாதம் நிறைந்து பிறந்தது, பெண். இரண்டரைக் கிலோவுக்குக் கீழேதான், ஆனால் அழுத அழுகையில் ஆஸ்பத்திரி வராந்தாவே திரும்பிப் பார்த்தது. இப்போது என்னோடு வாய்க்கு வாய் பேசுகிற வயதாகிவிட்டது அவளுக்கு. அந்த ராகம் கொஞ்சம் அவள் பேச்சிலும் உண்டு.

ஆனால் அந்த அறையை என்னால் மறக்க முடியவில்லை. டாக்டர் ஜெல்லைத் துடைக்கக் காகிதத்தை நீட்டினார். மாமி அதை வாங்கினார், ஆனால் துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"மக்கா, ஒண்ணு கேக்கட்டா?" என்றார் டாக்டரிடம்.

"கேளுங்கம்மா."

"எனக்க காலத்துல இந்த மிஷின் இருந்திருந்தா, வளரல்லன்னு முன்னாடியே தெரிஞ்சிருக்குமா?"

டாக்டருக்கு மாமியின் கதை ஒன்றும் தெரியாது. ஆனாலும் மாமியின் முகத்தைப் பார்த்து என்னவோ விளங்கியிருக்க வேண்டும். நாற்காலியை மாமியின் பக்கம் திருப்பினார். பிறகு, "தெரிஞ்சிருக்கும்மா" என்றார்.

மாமி தலையை ஆட்டினார். "அப்போ எனக்கு தோணினது செரிதான்" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். பிறகு, "அந்த துடிப்புச் சத்தம் ஒண்ணு கேக்குமே, அத ஒருக்கா கேக்க வையும்" என்றார்.

டாக்டர் கருவியை மறுபடியும் என் வயிற்றில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினார். குதிரை ஓடுவது போல அந்தச் சத்தம் அறை முழுவதும் கேட்டது. மாமி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் அழுதார், எனக்குத் தெரியும். வெளியே அத்தனை பேர் காத்திருந்தும் டாக்டர் அவசரப்படவில்லை, மாமி போதும் என்று சொல்லும்வரை அந்தச் சத்தத்தை நிறுத்தவில்லை.